பலகையில் என் பெயர்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். என் எழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்து போகும். இருபது வருடத்துக்கு மேல் சைக்கா மிதித்த கை இது. சைக்கா என்பது சைக்கிளோடு பக்கவாட்டில் ஆள் உட்கார ஒரு தொட்டி வைத்த வண்டி. ஆள் ஏறியதும் பாரம் எல்லாம் அந்தப் பக்கம் போய்விடும். மிதிப்பவன் உடம்பை இந்தப் பக்கம் சாய்த்துக்கொள்ள வேண்டும். எழுத உட்கார்ந்தாலும் என் உடம்பு அப்படியே சாய்கிறது. படிப்பும் அதிகம் இல்லை. பர்மியப் பள்ளிக்கூடத்தில் நாலாம் வகுப்பு. தமிழ் எழுத்தைக் கோயிலில் சாயங்கால வகுப்பில் கற்றுக்கொண்டேன். மூன்று ‘ல’வில் எது எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. தப்பு இருந்தால் திருத்தி வாசித்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதற்குக் காரணம் ஒரு பலகை.

ரங்கூனில் அலோன் பகுதியில் தேவாலயத்துக்குப் போகும் தெருவில், நாங்கள் காக்கா என்று கூப்பிடும் பாயின் டீக்கடைக்கு எதிரே ஒரு தண்ணீர்ப் பானை மாடம் இருக்கிறது. நாலு மரக்கால், தகரக் கூரை, இரண்டு மண்பானை, ஒரு அலுமினியக் கப். ரங்கூனில் இப்படித் தெருவுக்குத் தெரு உண்டு. போகிறவர் வருகிறவர் தாகத்துக்குக் குடிக்கட்டும் என்று பர்மியர்கள் புண்ணியத்துக்கு வைப்பது. வைத்தவர் பெயரை மேலே பலகையில் எழுதுவது வழக்கம். இந்த மாடத்துப் பலகையில் என் பெயர் இருக்கிறது. தண்ணீர் குடித்தவர்கள் என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். ‘தாது, தாது’, நல்லது நல்லது என்று பர்மியில் வாழ்த்தியிருக்கிறார்கள்.

அந்தப் பானையை வைத்தது நான் இல்லை. வைத்தவர் தன் பெயரை எங்கேயும் எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். அதனால் இங்கேயும் அக்கா என்றே எழுதுகிறேன்.

அக்காவை முதலில் ஏற்றிய நாளில் எனக்கு இருபத்தெட்டு இருபத்தொன்பது வயது இருக்கும். துறைமுகக் கிடங்குகளுக்குப் பின்னால் இருந்த சந்தில் மாடியறையில் அவர் குடியிருந்தார். எங்கள் வண்டி நிற்கும் இடத்துக்கு நடந்து வந்தால் மற்ற வண்டிக்காரர்கள் வானத்தைப் பார்ப்பார்கள். ஏற்றமாட்டோம் என்று யாரும் சொல்லவில்லை. டயரில் காற்று இல்லை என்பார்கள், சாப்பிடப் போகிறேன் என்பார்கள். கோ தூன் என்று ஒருவன். அவன் மட்டும் வாய்விட்டே சொல்வான். அமா என்றால் பர்மியில் அக்கா. “அமா, உன்ன ஏத்துனா அப்பறம் என் பொண்டாட்டி என்ன ஏத்தமாட்டா.”

அன்றைக்கு நான்தான் கடைசியில் நின்றேன். எனக்குச் சாக்குச் சொல்ல வராது. அவர் ஏறி உட்கார்ந்தார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டை அரைத்த குழம்பை வட்டமாகப் பூசி, குடையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டார். பள்ளத்தில் சக்கரம் இறங்கியபோது என் வாயில் “முருகா” என்று வந்துவிட்டது.

“தமிழாளா நீ?”

தலையை ஆட்டினேன்.

“ஊமையா?”

“இல்ல.”

“அப்ப சரி.”

இறங்கும்போது வாடகையைக் கொடுக்காமல் மாடிக்குப் போனார். ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். ஒரு தம்ளர் தண்ணீரோடு இறங்கி வந்தார். “மொதல்ல தண்ணி, அப்பறந்தான் காசு” என்றார். தெருமுனையில் இருந்து கோ தூன் பார்த்துக்கொண்டிருந்தான். நான் குடித்தேன். குளிர்ச்சியாக, மண்வாசனையோடு, அடியில் ஒரு பொட்டு கலங்கல் இல்லாமல் இருந்தது. எங்கள் வார்டுக் குழாயில் அப்படித் தண்ணீர் வந்து நான் பார்த்ததில்லை. இன்னொரு தம்ளர் கேட்கலாமா என்று இருந்தது. கேட்கவில்லை. அவரே கொண்டுவந்தார்.

ஊரில் எல்லோரும் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பார்கள். அக்கா ‘தண்ணி குடிச்சியா’ என்று கேட்பார். அவர் மாடியறைக்கு யார் போனாலும், தபால்காரன் போனாலும், வீட்டுக்காரி சண்டைக்குப் போனாலும், முதலில் தம்ளர் நீளும். ஒருமுறை கோ தூனும் இன்னொரு வண்டிக்காரனும் சவாரிக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். அக்கா இரண்டு தம்ளரோடு நடுவில் போய் நின்றார். இருவரும் என்ன செய்வது என்று தெரியாமல் வாங்கிக் குடித்தார்கள். “வாயில தண்ணி இருக்கறப்ப எவனும் திட்ட முடியாது” என்று என்னிடம் சொன்னார். கோ தூன் அவர் கையால் தண்ணீர் குடித்தது அதுதான் முதல் தடவை. அதற்குப் பிறகு அவன் வண்டியில் காற்று இல்லாமல் போனதே இல்லை.

அவர் செய்த தொழில் என்ன என்பது சந்துக்கே தெரியும். ஒருநாள் வண்டியில் போகும்போது என்னிடம் கேட்டார்.

“நான் என்ன வேல பாக்கறேன்னு தெரியுமா ஒனக்கு?”

நான் ஹாண்டிலைப் பார்த்துக்கொண்டு, “தெரியும்” என்றேன்.

“அப்பறம் எதுக்கு ஏத்தற?”

“வெயிலா இருக்கு.”

தொட்டி குலுங்கச் சிரித்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு, “வர்ற ஆளுங்களுக்கும் மொதல்ல தண்ணிதான் குடுப்பேன். பாதிப் பேரு அதக் குடிச்சிட்டு வீட்டுக் கதையச் சொல்லி அழுவான். அழுதவன் தொந்தரவு பண்ணமாட்டான்” என்றார்.

அவர் தண்ணீர் தெளிந்து இருந்ததற்கு ஒரு காரணம் இருந்தது. தேத்தாங்கொட்டை. சட்டைப் பொத்தான் அளவில் ஒரு கொட்டை. பானையின் உள்பக்கத்தை நனைத்து, இந்தக் கொட்டையால் நாலு சுற்று உரசிவிட்டுத் தண்ணீர் ஊற்றினால், கலங்கல் எல்லாம் அடியில் போய் உட்கார்ந்துவிடும். இந்தியாவில் கிராமத்துப் பக்கம் செய்வார்களாம். ரங்கூனில் எல்லோரும் படிகாரம்தான் போடுவார்கள். அக்காவின் தாத்தா கப்பலில் வந்தபோது ஒரு தகரடப்பா நிறையக் கொண்டுவந்தது, அவர் அம்மா வீட்டில் இருந்ததாம். அக்காவிடம் இருந்தது ஒரே ஒரு கொட்டை. அது அவரிடம் வந்த கதையை த்வாண்டே என்ற ஊருக்குப் போன அன்றைக்குத்தான் சொன்னார்.

அவர் அப்பா துறைமுகத்தில் கிளார்க். நல்ல கிறிஸ்தவக் குடும்பம். அப்பா இறந்தபின் எண்பத்தெட்டாம் வருடப் போராட்டம் வந்தது. ஆபீசும் பள்ளிக்கூடமும் மூடிக் கிடந்தன. அம்மாவுக்குத் தையல் வேலை எதுவும் வரவில்லை. அக்காவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடையில் வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போய்வந்திருக்கிறார். ஒரு வருடம் யாருக்கும் தெரியவில்லை. பிறகு அவர்கள் தேவாலயத்துக்கு வரும் ஒரு பெண்மணி அம்மாவின் காதில் போட்டுவிட்டார். அக்காவின் அம்மா காய்ச்சலில் படுத்திருந்த காலை அது. அக்கா பானையை உரசித் தண்ணீர் நிரப்பி, ஒரு தம்ளர் மொண்டு படுக்கைக்குக் கொண்டுபோய் நீட்டினார். அம்மா அதைத் தட்டிவிட்டார்.

“இனிமே ஒங் கையால பச்சத்தண்ணி குடிக்கமாட்டேன்னாங்க. வேற ஒண்ணும் சொல்லல. நானும் ஒண்ணும் சொல்லல. தெருவுக்கு வந்தப்பறந்தான் பாத்தேன், கொட்ட கைக்குள்ளயே இருந்துச்சு.”

அதன்பின் அம்மா வீட்டை மாற்றிக்கொண்டு, ஆற்றுக்கிளை தாண்டி தாகேதாவுக்குப் போய்விட்டார். கிறிஸ்துமசுக்கு அக்கா அனுப்பிய துணி பிரிக்காமல் திரும்பி வந்தது.

த்வாண்டேக்குப் போனது பானை வாங்க. படகில் ஆற்றைத் தாண்டி, பஸ் ஏறி, சூளைக்காரர்கள் இருக்கும் தெருவுக்குப் போனோம். எனக்கு அந்த நாள் நேற்றுப்போல இருக்கிறது. அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு பானை பானையாகக் குனிந்தார். ஒவ்வொன்றையும் விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். பிறகு தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, வெளிப்பக்கம் வேர்க்கிறதா என்று பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்து பார்த்தார். வேர்க்கிற பானைதான் தண்ணீரைக் குளிர வைக்குமாம். மதியம் வரை இதே வேலை. பானைக்காரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

“மாப்பிள்ள பாக்கறவகூட இவ்வளவு நேரம் எடுக்கமாட்டா” என்றார் பர்மியில்.

“மாப்பிள்ள வேர்த்தா நல்லதில்லையே” என்றார் அக்கா.

பானைக்காரம்மா என்னைக் காட்டி, “இவன் வேர்க்கறானே. இவன் யாரு?” என்று கேட்டார்.

“என் தம்பி.”

எனக்கு இரண்டு வகையாகவும் இருந்தது. அதற்கு மேல் எழுத வேண்டாம்.

திரும்பி வரும்போது படகில் இரண்டு பானையையும் வைக்கோலில் வைத்து ஆளுக்கொன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தோம். அப்போதுதான் கதையைச் சொன்னார். எதற்கு இந்தப் பானைகள் என்றும் சொன்னார். அம்மா வீட்டை மாற்றினாரே தவிரத் தேவாலயத்தை மாற்றவில்லை. கல்யாணம் நடந்த கோயில் என்று, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தாகேதாவிலிருந்து இரண்டு பஸ் மாறி அலோனுக்கு வருகிறார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து கோயில் வரை வெயிலில் நடக்கவேண்டும். நடுவில் காக்கா கடைக்கு எதிரே ஒரு தூங்குமூஞ்சி மரம். அதன் அடியில் மாடம் வைக்கவேண்டும்.

“அவங்களுக்குத் தெரியாதே. தெரியாமக் குடிச்சா?” என்று கேட்டேன். நான் கேள்வி கேட்பது அபூர்வம்.

அக்கா ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். “தாகம் தீரும்ல” என்றார். பிறகு, “தெரிஞ்சு ஒரே ஒரு வாய் குடிச்சாப் போதும். அதுக்கு நான் எங்க போறது? இப்பதைக்கு இது” என்றார்.

காக்கா முதலில் ஒப்புக்கொள்ளவில்லை. “டீக்கடைக்கு எதிர்ல ஓசித் தண்ணியா? எங் கல்லாவுல மண்ணள்ளிப் போட ஒனக்கு வேற எடம் கெடைக்கலியா?” என்றார். அக்கா அவருக்கு ஒரு தம்ளர் நீட்டினார். காக்கா குடித்தார். உள்ளே போய், இந்தத் தண்ணீரில் டீ போட்டுப் பார்த்தார். “காலைல ஒரு கொடம் என் கடைக்கு. அப்ப சம்மதம்.”

மாடம் செய்த பர்மிய ஆசாரி பலகையும் தூரிகையுமாக நின்று, யார் பெயர் எழுதட்டும் என்றான். பெயர் வேண்டாம் என்றார் அக்கா. அவன் மறுத்துவிட்டான். பேர் இல்லாத பானையில் எவனும் வாய் வைக்கமாட்டான், மருந்து கலந்திருக்கும் என்று பயப்படுவான் என்றான். அவன் சொன்னதும் நியாயம். தன் பெயரை எழுதினால் அம்மா படித்துவிடுவார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இவன் பேர எழுது.”

நான் வாயைத் திறப்பதற்குள் பாதிப் பெயர் எழுதியாகிவிட்டது.

கப்பைச் சங்கிலியில் கட்டுவது வழக்கம். அக்கா கட்டவிடவில்லை. “குடிக்கறவனக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கு” என்றார். மாதத்துக்கு ஒரு கப் காணாமல் போகும். இன்னொன்று வாங்கி வைப்பார்.

விடியற்காலையில் யாரும் நடமாடுவதற்கு முன் அக்கா வந்து கழுவி, உரசி, நிரப்பிவிட்டுப் போய்விடுவார். ஞாயிற்றுக்கிழமை மரத்தடியில் வண்டியை நிறுத்தி வைத்துக்கொண்டு காத்திருப்பது என் வேலை. வெள்ளைச் சட்டை, கறுப்பு லுங்கி, பிளாஸ்டிக் பையில் சுற்றிய வேதப்புத்தகம். அக்காவின் அம்மா யாரோ துரத்துவதுபோல வேகமாக நடப்பார். முதல் இரண்டு ஞாயிறு நிற்கவில்லை. மூன்றாவது ஞாயிறு நல்ல வெயில். நின்றார். பலகையைப் படித்தார். குடித்தார்.

“தமிழ்ப் பேரா இருக்கே. யாரு, நீயா தம்பி?”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“ஏன், வாயில்லையா?”

எதிரேயிருந்து காக்கா குரல் கொடுத்தார். “அவன் பேசுனா ஓசி டீன்னு சொல்லி வச்சிருக்கேம்மா. இதுவரைக்கும் எனக்கு ஒரு டீ நஷ்டமில்ல.”

அந்த அம்மா சிரிக்கவில்லை. கப்பைக் கவிழ்த்து மூடிமேல் வைத்தார். “தண்ணி எங்க வீட்டுத் தண்ணி மாதிரி இருக்கு. ஆண்டவர் அந்தக் கைய ஆசீர்வதிப்பார்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மத்தியானம் போய் அக்காவிடம் சொன்னேன். எத்தனை கப், மூடியைச் சரியாக மூடினாரா, நின்று குடித்தாரா, வேர்த்திருந்ததா, கால் வீங்கியிருந்ததா என்று ஒன்று விடாமல் கேட்டார். கை ஆசீர்வாதத்தைச் சொன்னபோது, “எந்தக் கைன்னு சொன்னாங்க?” என்றார். “கைன்னு சொன்னாங்க” என்றேன். அக்கா தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வருடக்கணக்கில் இப்படியே போனது. ஞாயிறு தோறும் இரண்டு கப். எனக்கு வாழ்க்கையில் ஒரு வேலையை ஒழுங்காகச் செய்த திருப்தி இருந்தது என்றால் அது இதுதான். கெடுத்ததும் நானே.

ஒரு மாசி மாதம் அக்காவுக்குக் காய்ச்சல் வந்து இறங்கவில்லை. இருமலும் சேர்ந்துகொண்டது. சனிக்கிழமை என்னைக் கூப்பிட்டுக் கொட்டையைக் கையில் கொடுத்தார். அது தேய்ந்து தேய்ந்து ஒரு துவரம்பருப்பு அளவுக்கு வந்திருந்தது.

“நாலு சுத்து. ஒரே பக்கமாச் சுத்து. முடிஞ்சதும் இங்க கொண்டாந்து குடுத்துடு. அங்க வைக்காத.”

மறுநாள் விடியற்காலையில் போய் நாலு சுற்று உரசினேன். தண்ணீர் நிரப்பும்போது கை ஈரமாகாமல் இருக்கட்டும் என்று கொட்டையை மாடத்து விளிம்பில் வைத்தேன். மீன்கூடைக்காரி ஒருத்தி அவசரமாகக் கூப்பிட்டாள். சந்தையில் இறக்கிவிட்டுத் திரும்பி வரும்போதுதான் மண்டையில் உறைத்தது. மிதித்துக்கொண்டு வந்தேன். மரத்தடியில் அந்த அம்மா நின்றுகொண்டிருந்தார். ஒரு கையில் கப். இன்னொரு கையில், உள்ளங்கையில், கொட்டை.

“இது யாரோடது?”

நான் இறங்கவில்லை. ஹாண்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“தம்பி, ஒன்னத்தான். ரங்கூன்ல எங்க வீட்டு டப்பாவ விட்டா இது வேற எங்கயும் கெடையாது. யாரோடது?”

“என்னோடது.”

“பொய்யும் சொல்ல வரல ஒனக்கு.”

கப் நிறையத் தண்ணீர் இருந்தது. கோயில் மணி அடித்தது. அவர் கப்பில் இருந்த தண்ணீரைப் பார்த்தபடி நின்றார். கீழே கொட்டவில்லை, அதை நான் சொல்லவேண்டும். பானைக்குள்ளேயே திருப்பி ஊற்றினார். கொட்டையை எடுத்த இடத்தில் வைத்தார். கோயிலுக்குப் போகாமல் பஸ் நிற்கும் பக்கமாகத் திரும்பி நடந்தார்.

அக்காவிடம் போனேன். படுத்தபடியே, “எத்தன?” என்று கேட்டார்.

“ரெண்டு கப்.”

“மூடி?”

“நல்லா மூடுனாங்க.”

அடுத்த ஞாயிறு அந்த அம்மா தெருவின் மறுபக்கமாக, காக்கா கடையை ஒட்டி நடந்து போனார். இந்தப் பக்கம் திரும்பவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் அப்படியே. நான் மாடியேறிப் போய், ரெண்டு கப் என்றேன். அக்கா இளைத்து, கண் மட்டும் பெரிதாகத் தெரிந்தது. ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். ‘ரெண்டு கப்’ என்றதும் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் தூங்குவார். அதைப் பார்த்துவிட்டு எப்படி வேறு சொல்வது?

நாலாவது ஞாயிறு அந்த அம்மா தெருவைக் கடந்து என் வண்டிக்கு வந்தார். பானைப் பக்கம் பார்க்கவில்லை.

“அவ எப்பிடி இருக்கா?”

“காய்ச்சல்.”

“எத்தன நாளா?”

“ஒரு மாசம்.”

“யாரு பாத்துக்கறா?”

என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீ யாரு அவளுக்கு?”

“சைக்காக்காரன்.”

கைக்குட்டை முனையில் முடிச்சுப் போட்டிருந்ததைப் பல்லால் அவிழ்த்தார். உள்ளே ஒரு முழுக் கொட்டை, தேய்க்காதது, வெள்ளையாக. “அது தேஞ்சு போச்சு. இதக் குடு.”

“என்ன சொல்லணும்?”

“ஒண்ணும் சொல்லாத. சொல்லத்தான் ஒனக்கு வராதே.”

அன்றைக்கும் அவர் தண்ணீர் குடிக்கவில்லை.

கொட்டையைக் கொடுத்தால் பொய்யெல்லாம் வெளியே வந்துவிடும். கொடுக்காமல் இருக்கவும் முடியாது. மாடிக்குப் போய் அக்காவின் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். என் ஆயுசில் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசியதில்லை.

“அப்ப மூணு ஞாயிறும் பொய்யா?”

“ஆமா.”

“மூடியக்கூட நல்லா மூடுனாங்கன்னு சொன்னியேடா.”

“அதுவும் பொய்தான்.”

சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு எங்கே முடிந்து இருமல் எங்கே ஆரம்பித்தது என்று தெரியவில்லை. தண்ணீர் மொண்டு கொடுத்தேன். குடித்துவிட்டு, கொட்டையைக் கன்னத்தில் வைத்து அழுத்திக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் போகலாம் என்று எழுந்தபோது, “வர்ற ஞாயிறு என்ன ஏத்திட்டுப் போ” என்றார்.

அந்த ஞாயிறு அவரைப் படியில் கைபிடித்து இறக்கினேன். தனக்கா பூசியிருந்தார். புதுக் கொட்டையால் அவரே பானையை உரசினார். நடுநடுவே மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். தண்ணீர் நிரப்பிய பிறகு நிற்க முடியவில்லை. வண்டியில் உட்கார வைத்து, மரத்துக்கு அந்தப் பக்கமாகத் தள்ளி நிறுத்தினேன். இங்கிருந்து பார்ப்பேன், இறங்கமாட்டேன், அவங்க குடிச்சாலும் சரி குடிக்காட்டியும் சரி என்றார். காக்கா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிட்டார். அவருக்கு எல்லாம் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அந்த அம்மா வந்தார். இந்தப் பக்கமாகவே வந்தார். மாடத்துக்கு முன் நின்று மூடியைத் திறந்தார். உள்ளே குனிந்து பார்த்தார். பிறகு மூடிமேல் தேடினார், விளிம்பில் தேடினார். கீழே தரையிலும் பார்த்தார். எனக்கு அப்போதுதான் புரிந்தது. கப் இல்லை. அக்கா வழக்கம்போலக் கழுவி, லுங்கி முனையால் துடைத்து, கையில் பிடித்தபடியே வண்டியில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

நான் வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். கையை நீட்டவும் செய்தேன். அக்கா கொடுக்கவில்லை. தொட்டியின் கம்பியைப் பிடித்து இறங்கினார். ஏழெட்டு அடிதான் இருக்கும். அதை அவர் நடந்துபோக எவ்வளவு நேரமாயிற்று என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. அம்மா திரும்பிப் பார்த்தார். மூடி அவர் கையில் இருந்தது.

அக்கா கப்பைப் பானைக்குள் விட்டு மொண்டார். நீட்டினார். கை ஆடித் தண்ணீர் அம்மாவின் செருப்பில் விழுந்தது.

“நேராப் புடி. சிந்துது” என்றார் அந்த அம்மா.

அக்கா மறுகையால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அந்த அம்மா வாங்கிக் குடித்தார். நிறுத்தாமல் முழுவதும் குடித்தார். கடைசிச் சொட்டை உதறிவிட்டு, “படிகாரம் போட்டியா?” என்று கேட்டார்.

“இல்லம்மா. கொட்டதான். புதுசு.”

“புதுசுன்னா அழுத்தித் தேய்க்கக் கூடாது. கசக்கும். எத்தன தடவ சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“சரிம்மா.”

“நீ குடிச்சியா?”

அக்காவை யாரும் அந்தக் கேள்வி கேட்டு நான் கேட்டதில்லை. அவர் தலையை ஆட்டினார், இல்லை என்று. அந்த அம்மா கப்பை அவர் கையில் கொடுத்து, மூடியைப் பிடித்துக்கொண்டு, அவர் குடித்து முடிக்கும் வரை நின்றார். பிறகு பானையை மூடினார். கோயிலுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்து போனார்.

அவ்வளவுதான் நடந்தது. கட்டிப் பிடித்து அழுததெல்லாம் இல்லை. காக்காதான் கடைக்குள் போய் மூக்கைச் சிந்தினார். எனக்கு அன்றைக்கு ஒரு டீ கொடுத்தார், நான் ஒன்றும் பேசாமலே.

அக்கா தேறினார். ஞாயிறு தோறும் மரத்தடியில் இருவரும் அஞ்சு நிமிடம் நின்று பேசுவார்கள். தண்ணீரைப் பற்றித்தான் பேசிக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன். ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகவில்லை. பிறகு இரண்டாயிரத்தெட்டில் அந்தப் பெரிய புயல் வந்து மரத்தைச் சாய்த்தது. தாகேதாவில் அம்மா வீட்டுக் கூரையும் போனது. அக்கா பாத்திரம் பண்டத்தை என் வண்டியில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். கூரை இல்லாத வீட்டுக்கு அவரை இறக்கிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அக்கா சந்துக்குத் திரும்பவில்லை. அந்த அம்மா போன மழைக்காலத்தில் இறந்துபோனார். கடைசியில் வாயில் தண்ணீர் விட்டது அக்கா என்று காக்கா சொன்னார். அக்கா மோல்மேன் பக்கம் போய்விட்டதாகவும் சொன்னார். போகும்போது எனக்கென்று ஒரு பழைய தகரடப்பாவைக் கடையில் கொடுத்திருந்தார். உள்ளே பதினோரு கொட்டைகள்.

புயலில் உடைந்த மாடத்தைத் தெருக்காரர்கள் கூடிப் புதிதாகச் செய்தார்கள். ஆசாரி பழைய பலகையைப் பார்த்துப் புதுப் பலகையிலும் என் பெயரையே எழுதிவிட்டான். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

இன்றைக்கும் ஞாயிறு. பானை கழுவி, அழுத்தாமல் நாலு சுற்றுத் தேய்த்து, நிரப்பிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கையில் எடுத்திருப்பது முதல் கொட்டைதான், இன்னும் பாதிகூடத் தேயவில்லை. இந்தக் கணக்கில் போனால் என் காலத்துக்குப் போதும்.

2010, மார்ச் 14, ஞாயிற்றுக்கிழமை. அலோன், ரங்கூன்.